ஐந்தாவது கத்தரி வெட்டவில்லை

"செருப்போட வரலாம். ஆனா ரெண்டு கையும் பைக்குள்ள இருக்கணும்," என்றாள் ஃப்ரீசர் அக்கா.

மச்சான் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டான். "போலீஸ்ல கையைத் தூக்கச் சொல்லுவாங்க. இங்க உள்ள வைக்கச் சொல்றாங்க. ஒரு மாறுதலுக்கு நல்லாத்தான் இருக்கு அத்தான்."

அத்தான் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பதற்கே சம்பளம் வாங்குகிறவரைப் போல ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீளமான மேஜைகள், ஐஸ் நிரப்பிய டப்பாக்கள், விரல்நுனி அளவுக் குழாய்கள் செருகிய அட்டைகள். மூலையில் ஆள் உயர ஃப்ரீசர் ஒன்று முனகிக்கொண்டிருந்தது. கடிகாரத்தில் மணி ஒன்று பத்து.

அத்தான் தனியார் துப்பறிவாளர். மச்சான் அவருடைய உதவியாள். அவர் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. வயது நாற்பத்திரண்டு. ஆறு வேலைகளிலிருந்து வாயால் மட்டுமே வெளியேறியவன். இவர்கள் ஒருவரையொருவர் அத்தான், மச்சான் என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுக் கட்சிக்காரர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். சொந்தப் பெயர்கள் மின்கட்டண ரசீதில் மட்டும் உயிரோடு இருந்தன.

இன்றைய கட்சிக்காரர் ஒரு தையல்காரம்மா. காலை எட்டு மணிக்கே வாசலில் வந்து நின்றாள், கழுத்தில் அளவு நாடா தொங்கத் தொங்க.

"என் மருமக எங்கிட்ட வாய் காட்டுவா. கோவம் வந்தா ஒரு வாரம் பேச மாட்டா. ஆனா திருட மாட்டா. அப்படியே திருடினாலும் எங்கிட்ட சொல்லாம இருக்க மாட்டா. நாலு மணிக்கு அவளை வெளிய தள்ளப் போறாங்க. அதுக்குள்ள ஏதாவது செய்யுங்க."

விஷயம் இதுதான். மருமகள் இந்தப் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடமாக ஆராய்ச்சி மாணவி. கோழிகளுக்கு வரும் ஒரு காய்ச்சலை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் புரதத்தைச் செய்வதற்கான டிஎன்ஏ வளையம் ஒன்றை அவள் கூடம் உருவாக்கியிருந்தது. வெளியே யாருக்கும் கொடுக்கக் கூடாத பொருள். இரண்டு வாரம் முன்பு, போட்டி நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பப்பட்ட ஒரு தபால் உறை, 'அப்படிக் கதவு எண் இல்லை' என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. அனுப்புநர் இடத்தில் மருமகளின் பெயர். உள்ளே ஒரு குழாய். குழாய்க்குள் அந்த வளையம்.

விசாரணைக் குழு இன்று நான்கு மணிக்குக் கூடி முடிவைச் சொல்லும். முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஐந்து வருட உழைப்பு போகும், பட்டம் போகும், இனி எந்த ஆய்வுக்கூடமும் அவளுக்குக் கதவைத் திறக்காது. குற்றம் சாட்டப்பட்டவர் தனக்காகப் பேச வெளியாள் ஒருவரை அழைத்து வரலாம் என்று விதியில் ஒரு வரி இருந்தது. அந்த வரியின் இடுக்கு வழியாகத்தான் அத்தானும் மச்சானும் உள்ளே நுழைந்திருந்தார்கள்.

வரும் வழியில், உறையின் நகலைப் பார்த்துவிட்டு அத்தான் இரண்டே வாக்கியம் பேசியிருந்தார். "திருட்டுத்தனமா அனுப்புறவன் போய்ச் சேர வேண்டிய முகவரியைத் திருத்தமா எழுதுவான், தன் பேரை விட்டுடுவான். இதுல தலைகீழா இருக்கு."

"அப்ப இது திரும்பி வர்றதுக்குன்னே அனுப்பினதா?" என்று மச்சான் கேட்டான். பதில் வரவில்லை. பதில் வராவிட்டால் ஆமாம் என்று அர்த்தம். பன்னிரண்டு வருடத்தில் அவன் கற்றுக்கொண்ட ஒரே துப்பறியும் கலை அது.

ஃப்ரீசர் அக்கா இந்தக் கூடத்தின் தொழில்நுட்ப உதவியாளர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். இடுப்பில் சாவிக்கொத்து. முகத்தில் நேற்று வைத்த கோபம் இன்றும் கெடாமல் இருந்தது.

"அந்தப் பொண்ணு திருடினாளா இல்லையான்னு எனக்குத் தெரியாது. என் ஃப்ரீசரைக் குத்தம் சொன்னாங்க பாருங்க, அதை மட்டும் என்னால தாங்க முடியல," என்றாள்.

அத்தான் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் எதிராளி பேசியே தீர வேண்டும். அப்படி ஒரு உட்காருதல்.

அக்கா ஃப்ரீசரைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்து, உடனே ஐஸில் வைத்தாள். உள்ளே வண்ண மூடி போட்ட குட்டிக் குழாய்கள். "இது ஒவ்வொண்ணும் ஒரு கத்தரி. புஸ்தகத்துல என்ஸைம்னு போட்டிருக்கும்."

"தையல்காரம்மா வீட்டுக் கத்தரி இதைவிடக் கொஞ்சம் பெருசு," என்றான் மச்சான்.

"அது கண்ணு இல்லாத கத்தரி. எதைக் கொடுத்தாலும் வெட்டும். இது படிச்சுப் பார்த்துட்டுத்தான் வெட்டும்." அக்காவுக்குக் கோபத்திலும் பாடம் நடத்த வந்தது. "டிஎன்ஏன்னா நாலே எழுத்து. ஏ, டி, ஜி, சி. அதுவே மாத்தி மாத்தி ஆயிரக்கணக்குல ஓடும். ஒவ்வொரு கத்தரிக்கும் ஒரு வார்த்தை. இதோ இவன், ஈகோஆர்-ஒன். ஜி-ஏ-ஏ-டி-டி-சின்னு வர்ற இடத்துல மட்டும் வெட்டுவான். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கண்டுக்காம போயிடுவான்."

"எங்க தெரு நாய் மாதிரி. ஊரே நடந்து போகும், என்னை மட்டும் கடிக்கும்."

"கடிக்கிற விதமும் ஆளுக்கு ஆள் வேற. டிஎன்ஏ ரெட்டை இழை. சில கத்தரி ரெண்டு இழையையும் ஒரே நேர்ல நறுக்குன்னு வெட்டும். இந்த ஈகோஆர்-ஒன் அப்படி இல்ல. ஒரு இழையை இங்க வெட்டும், எதிர் இழையை நாலு எழுத்து தள்ளி வெட்டும். படிக்கட்டு மாதிரி. ரெண்டு பக்கமும் வால் தொங்கும். பொருத்தமான இன்னொரு வாலைப் பார்த்தா ஒட்டிக்கும். துண்டு துண்டா வெட்டி வேற மாதிரி தைக்கிறதே இந்த வாலை வச்சுத்தான்."

அத்தான் மெல்ல விரலை நீட்டினார், அக்காவின் நோட்டுப்புத்தகத்தை நோக்கி. அதன் நடுவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் ஒட்டியிருந்தது.

"இதுதான் குழு கேட்ட சோதனை. நான்தான் செஞ்சேன்," என்றாள் அக்கா. "அந்தப் பொண்ணோட பெட்டியில இருந்த டிஎன்ஏ ஒரு பக்கம், உறையில வந்தது இன்னொரு பக்கம். ரெண்டும் ஒண்ணான்னு பார்க்கணும். அஞ்சு கத்தரி எடுத்து ரெண்டையும் தனித்தனியா வெட்டினேன். வெட்டின துண்டுகளை ஜெல்லுல, ஜெல்லி மாதிரி ஒரு பாளம், கரன்ட் விட்டு ஓட்டினா சின்னத் துண்டு தூரமா ஓடிடும், பெரிய துண்டு பின்னாடியே நிக்கும். ஒரே டிஎன்ஏவா இருந்தா ஒரே மாதிரி கோடு விழும்."

படத்தில் பத்து வரிசைகள், இரண்டிரண்டாக. முதல் நான்கு ஜோடிகளும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி அச்சாக ஒத்திருந்தன. ஐந்தாவது ஜோடியில் மட்டும் இடப்பக்கம் பொடிப்பொடியாகக் கோடுகள். வலப்பக்கம் ஒரு வெட்டும் விழாமல், மேலேயே தடியாக நின்றிருந்தது.

"இது என்ன, ஒண்ணு சாப்பிட்டிருக்கு, ஒண்ணு பட்டினி?"

"அதைத்தான் கேக்குறேன்!" அக்கா மேஜையைத் தட்டினாள். "டிபிஎன்-ஒன்னுன்னு ஒரு கத்தரி. இங்க யாரும் அதிகம் தொடுறதில்ல, தேதி முடியப்போகுதேன்னு போட்டேன். அந்தப் பொண்ணோட வழிகாட்டிப் பேராசிரியர் படத்தைப் பார்த்துட்டு, 'அஞ்சாவது கெட்டுப்போச்சு, விடுங்க'ன்னுட்டாராம். அறிக்கையில 'குளிர்பதனப் பராமரிப்புக் குறைவு'ன்னு ஏத்திட்டாங்க. இருபத்திரண்டு வருஷத்துல என் ஃப்ரீசர் ஒரு டிகிரி ஏறினதில்ல! ஒரே குழாயிலேர்ந்து, ஒரே நிமிஷத்துல, இதே கையால ரெண்டுலயும் விட்டேன். இந்தப் பக்கம் உயிரோட வெட்டினவன் அந்தப் பக்கம் போனதும் செத்துட்டானா?"

அத்தான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃப்ரீசர் முனகியது. மச்சான் மனதுக்குள் நூறு வரை எண்ணினான். எழுபத்தாறில் அவர் எழுந்தார்.

"இந்தப் படத்தை அந்தப் பொண்ணு பார்த்திருக்காளா?"

"எங்க காட்டினாங்க? இந்த வாசலையே அவ மிதிக்கக் கூடாதுன்னு உத்தரவு."

அத்தான் நோட்டுப்புத்தகத்தைக் கையில் எடுத்தார். அக்கா ஒரு கணம் தயங்கினாள். பிறகு, "ஜாக்கிரதை, டீ கீ சிந்திடாதீங்க," என்று மட்டும் சொன்னாள்.

மருமகள் சைக்கிள் நிறுத்தத்துக்குப் பின்னால், சிமென்ட் படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாமியார் யாருடைய பாவாடைக்கோ ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள், கையாலேயே.

"நாலு மணிக்கு உலகமே முடியப்போகுதுன்னாலும் அத்தைக்கு அஞ்சு மணிக்கு ஆர்டர் இருக்கும்," என்றாள் மருமகள்.

"ஆர்டர் கொடுத்தவ உலகம் முடிஞ்சா வந்து வாங்கிக்க மாட்டாளா?" என்றாள் மாமியார், நூலைப் பல்லால் அறுத்தபடி.

அத்தான் நோட்டுப்புத்தகத்தைத் திறந்து மருமகளின் மடியில் வைத்தார். அவள் பார்த்தாள். விரல் நான்கு ஜோடிகளைத் தாண்டி ஐந்தாவதில் நின்றது. ஒரு நிமிடம் ஆகியிருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதை ஏன் யாரும் எனக்குக் காட்டல?"

"என்னம்மா தெரியுது?"

"இது என் பெட்டியிலேர்ந்து போனதில்ல சார். போயிருக்கவே முடியாது."

மச்சான் படியில் சம்மணம் போட்டான். "எனக்குப் புரியிற மாதிரி சொல்லும்மா. அத்தானுக்குப் புரிஞ்சாலும் புரியலேன்னாலும் ஒரே முகம்தான்."

அவள் அழுத கண்ணோடு சிரித்துவிட்டாள். "இந்தக் கத்தரியெல்லாம் மனுஷன் செஞ்சதில்ல. பாக்டீரியா வச்சிருக்கிறது. அதுக்குள்ள வைரஸ் தன்னோட டிஎன்ஏவைச் செருகும். அதை வெட்டிப்போடத்தான் கத்தரி."

"அப்ப அந்த வார்த்தை தன் உடம்புலயே இருந்தா? தன்னையே வெட்டிக்காதா?"

"அதுக்குத்தான் புள்ளி. தன்னோட டிஎன்ஏவுல அந்த வார்த்தை வர்ற இடத்துல ஒரு எழுத்து மேல சின்னதா ஒரு புள்ளி வச்சுக்கும். புள்ளியைப் பார்த்தா கத்தரி விட்டுடும். பெரும்பாலும் அப்படித்தான். ஆனா இந்த டிபிஎன்-ஒன் தலைகீழ். ஜி-ஏ-டி-சின்னு நாலு எழுத்தைத் தேடும். அதுல புள்ளி இருந்தா மட்டும்தான் வெட்டும். இல்லேன்னா தொடாது."

"வம்புக்காரன்."

"நாங்க டிஎன்ஏவைப் பெருக்குறதுக்கு வளர்க்கிற சாதாரண பாக்டீரியா, ஜி-ஏ-டி-சி எங்க வந்தாலும் புள்ளி வச்சிடும். நான் அதுலதான் வளர்க்கிறேன். அதான் என்னோடது பொடிப்பொடியா வெட்டுப்பட்டிருக்கு. உறையில இருக்கிறது அதே வளையம், அதே எழுத்துக்கள். ஆனா புள்ளி இல்ல. வேற வீட்டுல வளர்ந்த பிள்ளை."

மாமியார் ஊசியை நிறுத்தினாள். "அந்த வேற வீடு யாரோடது?"

மருமகள் நோட்டுப்புத்தகத்தை மூடினாள். சைக்கிள் ஒன்று வந்து நின்றது, இன்னொன்று கிளம்பிப் போனது.

"சொல்லும்மா," என்றார் அத்தான்.

"சீனியர் ஒருத்தர் இருக்கார். அவர் வேலைக்கு வேண்டிய கத்தரி புள்ளியைக் கண்டா வெட்டாது. அதனால அவர் மட்டும் புள்ளி வைக்காத பாக்டீரியாவுல வளர்ப்பார். எங்க கூடத்துல வேற யாரும் அப்படி வளர்க்கிறதில்ல. ஆனா அவர் செய்ய மாட்டார் சார். அஞ்சு வருஷமா எனக்குத் தினம் டீ வாங்கித் தர்றவர்."

"தினம் டீ வாங்கித் தர்றான்னா என்னவோ இருக்கு," என்றாள் மாமியார். "என் பிள்ளையே உனக்கு வாங்கித் தர்றதில்ல."

"அதை அவர்கிட்டச் சொல்லுங்க அத்தை, இங்க இல்ல."

அத்தான் குனிந்து கேட்டார். "கத்தரி கெட்டுப்போகல, புள்ளிதான் இல்லேன்னு எப்படி நிரூபிக்கிறது?"

அவள் முதுகு நிமிர்ந்தது. அதுவரை படியில் உட்கார்ந்திருந்தவள் வேறு ஒருத்தி மாதிரி ஆகிவிட்டாள். "எம்பிஓ-ஒன்னுன்னு இன்னொரு கத்தரி இருக்கு. அதே நாலு எழுத்து. ஆனா புள்ளி இல்லேன்னா மட்டும் வெட்டும். அதைப் போட்டா இப்ப வெட்டுப்படாதது வெட்டுப்படணும், வெட்டுப்பட்டது அப்படியே நிக்கணும். படம் அப்படியே இடம் மாறும். கெட்டுப்போன கத்தரியால அப்படி மாத்த முடியாது. முப்பத்தேழு டிகிரியில ஒரு மணி நேரம், ஜெல் ஓட அரை மணி. அக்கா கையால செஞ்சா யாரும் மறுக்க முடியாது."

மணி ஒன்று ஐம்பது. மச்சான் ஓடினான்.

ஃப்ரீசர் அக்காவுக்கு ஒருமுறைதான் சொல்ல வேண்டியிருந்தது. "என் ஃப்ரீசர் மானம் காப்பாத்தணும், அவ்வளவுதானே?" என்று கையுறையை இழுத்து மாட்டினாள். தண்ணீர், உப்புக் கரைசல், இரண்டு டிஎன்ஏக்கள், எல்லாவற்றையும் ஊற்றிவிட்டுக் கடைசியாகத்தான் கத்தரியை வெளியே எடுத்தாள். ஒரு துளி. உடனே மறுபடி ஃப்ரீசருக்குள். குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டுகிறவளைவிட வேகம்.

குழாய்கள் சூட்டில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில் அத்தானும் மச்சானும் சீனியரைத் தேடிப் போனார்கள்.

அடுத்த அறையில், மூன்று பேர் உட்கார வேண்டிய மேஜையில் தனியாக உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டிருந்தான் ஒரு தாடிக்காரன். முப்பத்தைந்து வயதிருக்கும். அத்தான் வணக்கம்கூடச் சொல்லாமல் படத்தை அவன் முன்னால் வைத்தார்.

"அட, கடைசி வரிசை என்னுது!" என்றான் சீனியர். "யார் என் டிஎன்ஏவை எடுத்து ஓட்டினது? கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேனே." பிறகுதான் பக்கத்தின் மேலே எழுதியிருந்ததைப் படித்தான். 'தபால் உறை'. பிஸ்கட் டீக்குள் உடைந்து விழுந்தது.

"அய்யோ," என்றான்.

அவனுடைய பெட்டி பொது அலமாரியில், பூட்டில்லாமல் இருந்தது. ஆறு குழாய் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து. எல்லாவற்றின் மேலும் மருமகள் பெட்டியில் இருக்கும் அதே வளையத்தின் எண்தான் எழுதியிருந்தது. எந்த பாக்டீரியாவில் வளர்த்தது என்று எழுதவில்லை.

"எனக்குத்தான் தெரியுமேன்னு எழுதல," என்றான் சீனியர், குற்றவாளி மாதிரி. "அவ அப்படி இல்ல சார். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு மீதின்னு மூடியில எழுதி வைப்பா. அவ பெட்டியிலேர்ந்து ஒரு சொட்டு எடுத்தாலும் மறுநாள் கூடத்தையே ரெண்டாக்கிடுவா."

"நாலு மணிக்குக் குழு முன்னாடி வாங்க," என்றார் அத்தான். "பத்து நிமிஷம் உங்களைப் பத்தித் தப்பாப் பேசுவேன். அந்தப் பத்து நிமிஷமும் வாயைத் திறக்கக் கூடாது."

சீனியர் தலையாட்டினான்.

நடைவழிக்கு வந்ததும் மச்சான் குரலைத் தாழ்த்தினான். "ஆள் மாட்டினான் அத்தான். புள்ளி வைக்காத வீடு அவனுது. குழாய் அவனுது. பூட்டாத அலமாரின்னு கதை வேற. வீட்டுக்குப் போய் எங்க அக்கா கையால சாப்பிடலாம்."

அத்தான் ஜன்னலோரம் நின்றார். வெளியே ஒரு ஆள் புல்வெளிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். குழாய் மடிந்து தண்ணீர் நின்றது, அவன் போய் நீவிவிட்டான், மறுபடி வந்தது. அது மூன்று முறை நடந்தது. மச்சானுக்குக் கால் வலித்தது.

"மாட்டினவன் படத்தைப் பார்த்ததும் 'என்னுது'ன்னா சொல்லுவான்?"

மச்சான் தாடையைச் சொறிந்தான். "சொல்ல மாட்டான்தான்."

"அவனுக்கு இதைப் படிக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ரெண்டு செகண்ட். பிஸ்கட் ஊறுறதுக்குள்ள."

"அந்தப் பொண்ணுக்கு?"

"ஒரு நிமிஷம். அதுல முக்கால்வாசி அழுகையை அடக்க."

"ம்," என்றார் அத்தான். அதற்குமேல் ஒரு மணி நேரத்துக்கு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

மூன்றரைக்கு அக்கா இருட்டறையிலிருந்து வெளியே வந்தாள். கையில் ஈரம் காயாத புதுப் படம். நேராகப் போய் ஃப்ரீசரின் கதவை ஒரு தட்டு தட்டிக்கொடுத்தாள்.

குழு அறையில் மூன்று பேர். தலைவர் இயற்பியல் பேராசிரியர். மருமகளின் துறைக்குத் தலைவர் பொறுப்பும் தற்காலிகமாக அவர் தலையில்தான். மெலிந்த மனிதர், யார் எதைச் சொன்னாலும் ஒரு சிறு நோட்டில் மணி போட்டு எழுதிக்கொள்கிறவர். மற்ற இருவரில் ஒருவர் நூலகர், ஒருவர் விடுதிக் காப்பாளர். விடுதிக் காப்பாளர் பாதித் தூக்கத்தில் இருந்தார். எதிரே மருமகளின் வழிகாட்டியான பேராசிரியர்: வெள்ளிச் சட்டமிட்ட கண்ணாடி, மடிப்புக் கலையாத சட்டை, துக்க வீட்டுக்கு வந்த முகம். சுவரோரம் அக்காவும் சீனியரும். மருமகள் தனி நாற்காலியில்.

"உங்க தரப்புல சொல்ல ஏதாவது இருக்கா?" என்றார் தலைவர்.

அத்தான் எழுந்தார். அவர் நான்கு வாக்கியங்கள் சேர்ந்தாற்போல் பேசியதை மச்சான் அவருடைய கல்யாணத்துக்குப் பிறகு கேட்டதில்லை.

"இந்தப் பொண்ணு எடுக்கலேங்க. இவ பெட்டியில ஒரு சொட்டுக்கூடக் குறையல. அதோ நிக்கிறாரே சீனியர், அவர் பெட்டியில ஒரு குழாய் குறையுது. உறையில வந்தது அவரோடதுன்னு நினைக்கிறோம்."

சீனியர் தரையைப் பார்த்தான். மருமகள் பாதி எழுந்தாள். மச்சான் கண்ணால் உட்காரச் சொன்னான், ஏன் என்று தெரியாமலே.

தலைவர் எழுதிக்கொண்டார். "நினைக்கிறது போதாது. ஆதாரம்?"

"எங்களுக்கு இந்த சயின்ஸ் அவ்வளவாத் தெரியாதுங்க," என்றார் அத்தான், உட்கார்ந்தபடி. "பேராசிரியர்தான் சொல்லணும்."

பேராசிரியர் பெருமூச்சு விட்டார். சீனியரைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், மறுபடி சீனியரை. ஒருத்தி கையைவிட்டு நழுவுகிறாள், இன்னொருவன் கைக்கு வருகிறான் என்று மனதுக்குள் எடைபோடுவது மச்சானுக்கே தெரிந்தது.

"வருத்தமாத்தான் இருக்கு," என்றார். "ஆனா உண்மையை மறைக்கக் கூடாது. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. இந்தக் கூடத்துல புள்ளி வைக்காத பாக்டீரியாவுல வளர்க்கிறவர் அவர் ஒருத்தர்தான். படத்துல அந்த அஞ்சாவது ஜோடியைப் பாருங்க. டிபிஎன்-ஒன் தொடவே இல்ல. புள்ளி இல்லாததாலதான் தொடல. இது அவர் கையெழுத்துப் போட்ட மாதிரி."

அத்தான், பேச வேண்டியவர் தான் இல்லை என்பது போல ஜன்னலைப் பார்த்தார்.

தலைவரின் பேனா நின்றிருந்தது. அவர் நோட்டைப் பின்னால் புரட்டினார். ஒரு பக்கம், இரண்டு பக்கம்.

"வியாழக்கிழமை," என்று படித்தார். "காலை பதினொன்று இருபது. 'ஐந்தாவது என்ஸைம் கெட்டுவிட்டது. அதைப் பொருட்படுத்த வேண்டாம்.' இது நீங்க சொன்னது."

பேராசிரியர் சிரிக்க முயன்றார். "அன்னிக்கு அவசரத்துல கவனிக்கல. அப்புறம்தான் தோணுச்சு."

"எப்ப தோணுச்சுங்க?" என்று மச்சான் கேட்டுவிட்டான்.

"நேத்து."

"நேத்து தோணினவர் இன்னிக்குக் காலையில அறிக்கையில 'பராமரிப்புக் குறைவு'ன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?" இது அக்கா. சாவிக்கொத்து குலுங்கியது. "என் ஃப்ரீசரைப் பத்தி!" அவள் புதுப் படத்தைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தாள். "இது இன்னிக்கு மத்தியானம் ஓட்டினது. எம்பிஓ-ஒன். அன்னிக்கு வெட்டுப்படாதது இன்னிக்குப் பொடிப்பொடியா இருக்கு. அன்னிக்கு வெட்டுப்பட்டது இன்னிக்கு முழுசா நிக்குது. எந்தக் கத்தரியும் கெட்டுப்போகல."

"சார்," என்றான் சீனியர். பத்து நிமிடம் இன்னும் ஆகவில்லை, ஆனால் அவனால் முடியவில்லை. "நான் படிச்ச முதல் வருஷம், முதல் வகுப்பு, நீங்கதான் எடுத்தீங்க. 'வெட்டுப்படலேன்னா கத்தரியைத் திட்டாதே, புள்ளியைத் தேடு'ன்னு. இதை ரெண்டு செகண்ட்ல படிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்க சார்."

அப்போதுதான் மச்சானுக்கு உறைத்தது. படிக்கத் தெரியாதவன் கெட்டுப்போச்சு என்று சொல்லலாம். படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் சொன்னால், அவர் படித்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறார். பூட்டாத அலமாரியில் ஒரே எண் எழுதிய குழாயை எடுத்த ஆள், எந்த பாக்டீரியாவில் வளர்ந்தது என்று பார்க்கவில்லை. பேராசிரியர் ஆனபிறகு கையெழுத்து மட்டும் போட்டு, குழாயைக் கையால் தொடாதவர்தான் அப்படி எடுப்பார்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. சும்மா கையில் வைத்திருந்தார். விடுதிக் காப்பாளர்கூட விழித்துவிட்டிருந்தார்.

"இவ மூணு தடவை செஞ்சா," என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல். "என்னோட பழைய சோதனையை. எனக்குப் பேர் வாங்கிக்கொடுத்ததே அது ஒண்ணுதான். மூணு தடவையும் என் விடை வரல. அதை அப்படியே தன் ஆய்வேட்டுல மூணாவது அத்தியாயமா எழுதிக்கிட்டு வந்து, 'இப்ப என்ன சார் செய்யலாம்'னு எங்கிட்டயே கேட்டா."

"நீங்க தப்புன்னு நான் சொல்ல வரல சார்," என்றாள் மருமகள். "ஏன் மாறுதுன்னு சேர்ந்து பார்க்கலாம்னுதான் கேட்டேன்."

அவர் நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு வெளியே போனார். நூலகர் பின்னாலேயே எழுந்து போனார், பதிவாளரைப் பார்க்க.

தலைவர் மேஜையிலிருந்த நீக்க உத்தரவை எடுத்து நான்காகக் கிழித்தார். சாவதானமாக, ஓரங்களைச் சேர்த்துவைத்து. "நீங்க போகலாம்மா. உங்க மேல எதுவும் இல்ல."

மருமகள் எழுந்திருக்கவில்லை.

"என் ஆய்வேட்டை அடுத்த மாசம் கொடுக்கணும் சார். வழிகாட்டி கையெழுத்து இல்லாம வாங்க மாட்டாங்க." அவள் மூடிய கதவைப் பார்த்தாள். "இனிமே யாரு போடுவாங்க?"

மச்சானுக்குத் தொண்டையில் ஒரு நகைச்சுவை வந்து நின்றது. வாழ்நாளில் முதல்முறையாக அதை விழுங்கினான்.

"விதிப்படி துறைத் தலைவர் போடலாம்," என்றார் தலைவர். "அது இப்போதைக்கு நான்தான்." நோட்டை மூடி வைத்தார். நீண்ட விரல்களை அதன்மேல் கோத்துக்கொண்டார். "ஆனா ஒரு விஷயம். வியாழக்கிழமை அவர் சொன்னப்ப எனக்கு ஒரு எழுத்து புரியலம்மா. புரிஞ்ச மாதிரி தலையாட்டினேன், எழுதிக்கிட்டேன். அப்படியே தலையாட்டிக்கிட்டு இன்னிக்கு உங்களை வெளிய அனுப்பியிருப்பேன். அந்தத் தப்பை மறுபடி செய்ய மாட்டேன். உங்க ஆய்வேடு எனக்குப் புரியற வரைக்கும் கையெழுத்து கிடையாது."

"எல்லாத்தையுமா சார்?"

"முதல்லேர்ந்து. எனக்கு அஞ்சரை வரைக்கும் வேலை இல்ல."

மருமகள் அத்தானைப் பார்த்தாள். அவர் தலையை ஒரு அங்குலம் அசைத்தார். அவரைப் பொறுத்தவரை அது நீண்ட சொற்பொழிவு.

அவள் எழுந்து பலகைக்குப் போனாள். பேனாவின் மூடியைத் திறந்தாள். ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கோடு இழுத்தாள், இரட்டை இழை. மேல் கோட்டின்மேல் நான்கு எழுத்துக்களை எழுதினாள்: ஜி, ஏ, டி, சி.

கதவு லேசாகத் திறந்தது. மாமியார் தலையை நீட்டி ஒருமுறை எல்லோரையும் எண்ணிப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே உள்ளே வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பெருசா எழுதுடி," என்றாள். "பின்னாடி இருக்கிறவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"